சிங்கப்பூரின் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது: கம்போடியா 1979 பற்றி மாதிரி ஐ.நா. பொதுச்சபை நடத்தும் முறை

வட சென்னையில் மாலை வகுப்பு, படிப்பு வட்டம், குரூப் ஒன் பயிற்சி நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். உலக அரசியல் பாடம் என்றால் நம் பிள்ளைகள் ஆண்டையும் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு நாடு ஏன் அப்படிப் பேசியது என்று கேட்டால் பதில் வருவதில்லை. இதற்கு நல்ல மருந்து, அந்த நாடாகவே அவர்களைப் பேச வைப்பதுதான். இருபத்து நான்கு பேர், பன்னிரண்டு நாடுகள், ஒரு தீர்மானம், ஒரு ஞாயிறு பிற்பகல் போதும்.

எடுத்துக்கொள்ளும் விவகாரம் 1979 நவம்பரில் கம்போடியா பற்றி ஐ.நா. பொதுச்சபையில் நடந்த விவாதம். மையத்தில் இருப்பது சிங்கப்பூர். அப்போது அதன் மக்கள் தொகை சுமார் 24 லட்சம். வெளியுறவு அமைச்சர் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம். 1980-ல் அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவரும் தமிழர், எஸ். தனபாலன். ஐ.நா.வில் சிங்கப்பூரின் குரலாக இருந்தவர் டாமி கோ. இந்தப் பெயர்களைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் பெருமை பேசுவதோடு நின்றுவிடாதீர்கள். சிங்கப்பூர் எடுத்த நிலைப்பாடு சுலபமானதல்ல, சுத்தமானதும் அல்ல. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

நடத்துகிறவர் முதலில் படிக்க வேண்டியது

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படை கம்போடியத் தலைநகர் புனோம்பென்னைப் பிடித்தது. போல் பாட் தலைமையிலான அந்த ஆட்சி, நாட்டுக்கு ஜனநாயகக் கம்பூச்சியா என்று பெயர் வைத்தது. நகரங்களைக் காலி செய்து மக்களை வயல்களுக்கு விரட்டியது. கொலை, பட்டினி, நோய் என்று சுமார் 15 முதல் 20 லட்சம் பேர் மாண்டார்கள். எல்லை தாண்டி வியட்நாம் கிராமங்களையும் அது தாக்கியது. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மட்டும் 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 1978 நவம்பர் 3-ல் வியட்நாம் சோவியத் யூனியனோடு நட்புறவு ஒப்பந்தம் போட்டது. டிசம்பர் 25-ல் பெரும்படையோடு உள்ளே நுழைந்து, 1979 ஜனவரி 7-ல் புனோம்பென்னைப் பிடித்து, ஹெங் சம்ரின் தலைமையில் புதிய அரசை உட்கார வைத்தது.

அடுத்த வாரமே தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் ஐந்து வெளியுறவு அமைச்சர்களும் பாங்காக்கில் கூடி, ஜனவரி 12, 13 தேதிகளில் பேசி, படை வெளியேற வேண்டும் என்றார்கள். இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள்தான் அன்றைய ஆசியான். ஜனவரி 15-ல் பாதுகாப்பு கவுன்சிலில் அணிசேரா நாடுகள் ஏழு கொண்டுவந்த வரைவுக்கு 13 நாடுகள் ஆதரவு தந்தன. சோவியத் யூனியனும் செக்கோஸ்லோவாக்கியாவும் எதிர்த்தன. சோவியத் வீட்டோவில், அதாவது நிரந்தர உறுப்பினரின் தடுப்பு வாக்கில், அது விழுந்தது. பிப்ரவரி 17-ல் சீனா வியட்நாமைத் தாக்கி, மார்ச் நடுவில் திரும்பியது. செப்டம்பர் 21-ல் பொதுச்சபை, கம்போடியாவின் இருக்கையில் யார் உட்காருவது என்று வாக்கெடுத்தது. விரட்டப்பட்ட போல் பாட் தரப்புக்கே இருக்கை என்று 71 நாடுகள் சொல்ல, 35 எதிர்க்க, 34 வாக்களிக்காமல் ஒதுங்கின. நவம்பர் 14-ல் 34/22 எண்ணுள்ள தீர்மானம் 91 ஆதரவு, 21 எதிர்ப்பு, 29 ஒதுங்கல் என்று நிறைவேறியது.

இதற்குள் இருக்கும் முடிச்சைக் கவனியுங்கள். வியட்நாம் விரட்டியது உலகின் மிகக் கொடிய ஆட்சிகளில் ஒன்றை. அந்தப் படை உள்ளே வந்ததால்தான் கொலை நின்றது. அப்படியிருந்தும் சிங்கப்பூரும் ஆசியானும் படை வெளியேற வேண்டும் என்றன. அதோடு நில்லாமல், கொலைகார ஆட்சியின் பிரதிநிதிக்கே ஐ.நா. இருக்கையைக் காத்துக் கொடுத்தன. சிங்கப்பூரின் வாதம் இதுதான்: ஓர் அரசு கெட்டது என்பதற்காகப் பக்கத்து நாடு படையோடு வந்து வேறோர் அரசை வைக்கலாம் என்று உலகம் ஒருமுறை ஒத்துக்கொண்டால், அதன் பிறகு எந்தச் சின்ன நாடும் பெரிய பக்கத்து வீட்டுக்காரரின் தயவில்தான் இருக்க வேண்டியிருக்கும். சிங்கப்பூருக்கு இது ஏட்டுப் பேச்சு அல்ல. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நடத்திய மோதலை அது அனுபவித்திருந்தது. 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் சாலை மெக்டொனால்ட் ஹவுஸில் வெடித்த குண்டில் மூன்று பேர் இறந்தார்கள்.

இரண்டு பக்கமும் கனமாக இருப்பதை நடத்துகிறவர் முதலில் உணர வேண்டும். ஒரு பக்கம் சட்டம், மறுபக்கம் பிணங்கள். இதில் ஒன்றை மறைத்தாலும் நிகழ்ச்சி பள்ளி ஆண்டு விழா நாடகமாகிவிடும்.

தேதியைக் கட்டிப்போடுங்கள்

இது முதல் விதி, மிக அடிக்கடி மீறப்படுவதும் இதுவே. அறையில் அன்றைய தேதி 14 நவம்பர் 1979. கரும்பலகையின் மேல் மூலையில் பெரிதாக எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு நடந்த எதையும் யாரும் மேற்கோள் காட்டக் கூடாது. வியட்நாம் 1989-ல் படையைத் திரும்ப அழைத்தது, 1991 அக்டோபர் 23-ல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தது, 1993-ல் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்தது, 2018-ல் கெமர் ரூஜ் தலைவர்கள் நுவான் சேயா, கியூ சம்பான் மீது இனப்படுகொலைத் தீர்ப்பு வந்தது: இவை எதுவும் அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

கைப்பேசியில் தேடிப் படித்த பிள்ளை முடிவு தெரிந்தவராகப் பேசுவதுதான் இங்கே வரும் கோளாறு. 'கடைசியில் நாங்கள் சொன்னதுதான் நடந்தது' என்று சிங்கப்பூர் பிரதிநிதி ஆரம்பித்தால் விவாதம் அங்கேயே செத்தது. பேச்சுக்கு முன் கைப்பேசிகளை வாங்கி ஒரு பையில் போட்டுவிடுங்கள். கொலைகளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் பேசலாம். அகதிகள் சொன்னவை அதற்குள் உலகத்துக்குத் தெரியும். 1979 ஆகஸ்டில் புனோம்பென்னில் புதிய அரசு போல் பாட்டையும் அவருடைய வெளியுறவு அமைச்சர் இயெங் சாரியையும் நேரில் இல்லாமலே விசாரித்துத் தண்டனை அறிவித்திருந்தது. வியட்நாம் தரப்பு அதைக் கையில் எடுக்க வேண்டும்.

நாடுகளைப் பிரித்துக் கொடுப்பது

பன்னிரண்டு நாடுகள்: சிங்கப்பூர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம், ஜனநாயகக் கம்பூச்சியா, சோவியத் யூனியன், சீனா, அமெரிக்கா, இந்தியா, யூகோஸ்லாவியா. நாட்டுக்கு இரண்டு பேர். ஒருவர் பேசுவார், மற்றவர் குறிப்பெடுத்துக்கொண்டு மற்ற மேசைகளுக்குப் போய்ப் பேரம் பேசுவார். பாதி நேரத்தில் இருவரும் மாறிக்கொள்ள வேண்டும்.

குலுக்கல் போடாதீர்கள். வியட்நாமை உங்களிடம் உள்ள சிறந்த பேச்சாளருக்குக் கொடுங்கள். அந்தப் பக்கம் பலவீனமாக இருந்தால் நிகழ்ச்சி கண்டனக் கூட்டமாக மாறி, சிங்கப்பூருக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் போய்விடும். சிங்கப்பூரை நிறையப் பேசுகிறவரைவிட நிதானமாக எழுதுகிறவரிடம் கொடுங்கள்.

ஜனநாயகக் கம்பூச்சியாவை வயதில் சிறியவருக்கோ புதிதாக வந்தவருக்கோ கொடுக்க வேண்டாம். அந்த இருக்கை கனமானது. கொடுக்கும்போதே தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொல்லுங்கள். கொலைகளை நியாயப்படுத்தக் கூடாது. இறையாண்மை, எல்லை, அந்நியப் படை ஆகிய மூன்றைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். யாருக்கும் மனம் வரவில்லையா? பெயர்ப் பலகையை மட்டும் மேசையில் வைத்து நாற்காலிகளைக் காலியாக விடுங்கள். 1979 செப்டம்பரில் ஹவானாவில் நடந்த அணிசேரா உச்சி மாநாட்டில் கம்போடியாவின் இருக்கை அப்படித்தான் காலியாக விடப்பட்டது. ஆக, அதுவும் வரலாற்றில் இருப்பதே.

இந்தியாவை எடுப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சோவியத் பக்கம் சாய்வார்கள். தடுத்து நிறுத்துங்கள். ஹெங் சம்ரின் அரசை இந்தியா அங்கீகரித்தது 1980 ஜூலையில்தான். 1979 நவம்பரில் டெல்லியில் இருந்தது சரண் சிங்கின் காபந்து அரசு. யூகோஸ்லாவியா கம்யூனிஸ்ட் நாடாக இருந்தும் வியட்நாமின் படையெடுப்பை வெளிப்படையாகக் கண்டித்தது. கம்யூனிசம் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம் என்று பிள்ளைகள் போடும் கோட்டை அழிக்க அந்த ஒரு மேசை போதும்.

ஆசியான் ஐவரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நினைப்பதும் தவறு. தாய்லாந்துக்கு எல்லையிலேயே அகதிகளும் படைகளும் நிற்கின்றன. இந்தோனேசியாவும் மலேசியாவும் வியட்நாமைவிடச் சீனாவைக் கண்டுதான் அதிகம் அஞ்சின. இந்த வேறுபாட்டை அந்தந்த நாட்டுத் தாளில் இரண்டு வரியாகச் சேர்த்துவிட்டால் இடைவேளைப் பேரம் தானாகச் சூடு பிடிக்கும்.

தாள், அட்டை, அறை

பொதுத் தொகுப்பு நான்கு பக்கம்: காலவரிசை ஒன்று, வரைபடம் ஒன்று, ஐ.நா. சாசனப் பிரிவுகள் ஒன்று, அவை விதிகள் ஒன்று. இருபக்க நகலாக எடுத்தால் ஆளுக்கு இரண்டு தாள், மொத்தம் 48. நாட்டுத் தாள் தனி. முன்பக்கம் அந்த நாட்டின் நிலைமை, பின்பக்கம் நிலைப்பாட்டுக் குறிப்பு எழுத வெற்று இடம். பன்னிரண்டு மூலத் தாள்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு நகல், ஆக 24. நாட்டுத் தாளைப் பொதுத் தொகுப்போடு சேர்த்துக் கொடுத்தால் ஜெராக்ஸ் கடையில் முதல் நாட்டின் தாளையே எல்லாருக்கும் அடித்துவிடுவார்கள். இரண்டையும் தனித்தனி உறையில் போட்டு, மேலே எண்ணிக்கையை எழுதிக் கொடுங்கள்.

பெயர்ப் பலகைக்குக் கனமான அட்டையை மூன்றாக மடித்துக் கூடாரம் போல நிறுத்தினால் போதும். பெயரை இரண்டு பக்கமும் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அவையை நடத்தும் தலைவருக்குத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. சார்ட், அட்டை, மார்க்கர் எல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஞாயிறு அங்கே பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமைக்குள் போய்விடுங்கள்.

சாசனத்தில் மூன்று பிரிவுகள் போதும். 2(4): எந்த நாட்டின் எல்லைக்கும் அரசியல் சுதந்திரத்துக்கும் எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, மிரட்டவும் கூடாது. 2(7): ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடாது, அமைதி காக்கப் பாதுகாப்பு கவுன்சில் எடுக்கும் ஏழாம் அத்தியாய நடவடிக்கை மட்டும் விலக்கு. 51: ஆயுதத் தாக்குதலுக்கு ஆளான நாட்டுக்குத் தற்காப்பு உரிமை உண்டு. வியட்நாம் தரப்பு 51-ஐப் பிடித்துக்கொள்ளும். எல்லையில் பட்ட அடிக்குத் தற்காத்துக்கொள்வது சரி, தலைநகரம் வரை போய் அரசையே மாற்றுவது தற்காப்பா என்று சிங்கப்பூர் திருப்பிக் கேட்க வேண்டும். இந்தக் கேள்வி சிங்கப்பூர் மேசையிலிருந்து தானாக வராவிட்டால், அவர்கள் தாளைப் படிக்காமல் வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

வரைபடத்தை அச்சில் கொடுத்தாலும் கரும்பலகையிலும் வரையுங்கள். கம்போடியா நடுவில், கிழக்கே வியட்நாம், மேற்கே தாய்லாந்து, தெற்கே கடல் தாண்டி மலேசியா, அதன் நுனியில் சிங்கப்பூர். சிங்கப்பூருக்குக் கம்போடியாவோடு நில எல்லையே இல்லை. பிறகு ஏன் இவ்வளவு குரல் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வரட்டும், பதிலைத் தலைவர் சொல்ல வேண்டாம்.

அறைக்கு மாநகராட்சிப் பள்ளி வகுப்பு, சமூக நலக்கூடம், தேவாலயக் கூடம் எது கிடைத்தாலும் சரி. பெஞ்சுகளை ப வடிவில் போடுங்கள், திறந்த பக்கத்தில் தலைவர் மேசை. மைக் வேண்டாம். முப்பது பேருக்குள் என்றால் மைக் கெடுதல்தான் செய்யும், கையில் வாங்கியவர் விடமாட்டார். ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஞாயிறுகளில் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி இருக்கும், அந்த வாரங்களை விட்டுவிடுங்கள்.

நேரத்தைப் பிற்பகல் 3 மணிக்கு வையுங்கள். ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் விற்பனை உச்சத்தில் இருக்கும். கடலோரத்துப் பிள்ளைகள் பலர் வீட்டுக்கு உதவியாக அங்கேதான் நிற்பார்கள். காலையில் வைத்தால் அவர்களை வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் காலை நேரமும் ஒத்துவரும்.

நிலைப்பாட்டுக் குறிப்பு

இரண்டு வாரம் முன்பே தாள்களைக் கொடுத்து, ஒரு வாரம் முன்பு கையால் எழுதிய குறிப்பைத் திரும்ப வாங்குங்கள். ஐந்து வாக்கியம், அதற்கு மேல் கூடாது. நடந்தது என்ன, எந்த விதி மீறப்பட்டது அல்லது காக்கப்பட்டது, என் நாட்டுக்கு இதில் என்ன பயம், நான் கேட்பது என்ன, இதற்காக நான் எதை இழக்கத் தயார். ஐந்தாவது வாக்கியத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள். அது இல்லாத குறிப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

சிங்கப்பூருக்கு மாதிரியாக ஒன்றை எழுதிக் காட்டுகிறோம். இதைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், நீங்கள் திருத்துவதற்கான அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்:

'1978 டிசம்பர் இறுதியில் அந்நியப் படை கம்போடியாவுக்குள் நுழைந்து, இருந்த அரசை நீக்கி வேறோர் அரசை அமர்த்தியது. இது சாசனத்தின் 2(4) பிரிவுக்கு எதிரானது, நீக்கப்பட்ட அரசு எவ்வளவு கொடியதாக இருந்தாலும் இந்த மீறல் மறையாது. எங்களைச் சுற்றி எங்களைவிடப் பெரிய நாடுகளே உள்ளதால், இன்று இதை ஏற்றால் நாளை எங்கள் வாசலில் நடப்பதை எதிர்க்க எங்களிடம் சொல் இருக்காது. எல்லா அந்நியப் படைகளும் வெளியேறி, கம்போடிய மக்கள் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்காக நாங்கள் வெறுக்கும் ஓர் ஆட்சியின் இருக்கையைக் காப்பவர்கள் என்ற பழியைச் சுமக்கிறோம்.'

கடைசி வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லும்போது குரல் தடுமாறும். தடுமாறட்டும்.

அவை நடக்கும் விதம்

முதல் கால் மணி வருகை, பலகை, விதி. அடுத்த 35 நிமிடம் தொடக்க உரைகள். நாட்டுக்கு 90 வினாடி, 75-ல் ஒருமுறை மணி அடியுங்கள், 90-ல் இரண்டாவது முறை. இரண்டாவது மணிக்குப் பிறகு வாக்கியத்தை முடிக்கக்கூட விடாதீர்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் பன்னிரண்டு பேரும் கேட்பார்கள், அரை மணி நேரம் போய்விடும். மறுப்பு சொல்ல விரும்புகிறவர் சீட்டில் எழுதித் தலைவருக்கு அனுப்ப வேண்டும். மறுப்புக்கு 45 வினாடி, நாட்டுக்கு இரண்டு வாய்ப்புதான்.

பேச்சு தமிழில். நம் பிள்ளைகளின் சென்னைத் தமிழைத் திருத்தாதீர்கள். திருத்த ஆரம்பித்தால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். கட்டாயமாக வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஆளைப் பார்த்துப் பேசக் கூடாது, நாட்டைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரே தெருவில் கால்பந்து ஆடுகிற இருவர் எதிரெதிரே உட்காரும்போது, 'டேய் மச்சான், நீதானடா உள்ள பூந்த' என்றுதான் முதலில் வரும். தலைவர் பொறுமையாக நிறுத்தி, 'தலைவர் அவர்களே, வியட்நாம் பிரதிநிதி இதை விளக்க வேண்டும்' என்று மாற்றிச் சொல்ல வைக்க வேண்டும். தலைவராக இருப்பவரை வழக்கமாக அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிறவர்கள் அந்த மூன்றரை மணி நேரம் தலைவர் அவர்களே என்றுதான் கூப்பிட வேண்டும். இந்த ஒரு தூரம் கிடைத்துவிட்டால் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் சண்டை வராது.

உரை முடிந்ததும் 25 நிமிடம் கலந்து பேச விடுங்கள். டீ, பிஸ்கட் இந்த நேரத்தில்தான். உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது. கூச்சப்படுகிறவர்கள் தங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். குறைந்தது மூன்று நாட்டின் கையொப்பம் வாங்கி வந்தால்தான் வரைவுக்குப் பேசலாம் என்று விதி வைத்தால் எழுந்து நடப்பார்கள்.

தீர்மானத்தை எழுதுவது

சிங்கப்பூரும் தாய்லாந்தும் சேர்ந்து வரைவு எழுதட்டும், மூன்று பத்தி போதும். இரண்டு வரைவுகள் எழுதச் சொல்லுங்கள். ஒன்றில் வியட்நாமின் பெயர் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கையொப்பம் சேர்க்க அனுப்புங்கள். பெயர் உள்ள வரைவுக்குச் சீனா ஓடி வந்து கையெழுத்துப் போடும், இந்தியா பேனாவைத் தள்ளி வைக்கும். பெயர் இல்லாததற்கு ஆதரவு கூடும்.

பிறகு உண்மையான 34/22-ஐ எடுத்துக் காட்டுங்கள். அதில் வியட்நாம் என்ற பெயர் குற்றம் சாட்டும் இடத்தில் இல்லை. எல்லா அந்நியப் படைகளும் கம்போடியாவிலிருந்து உடனே வெளியேற வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதோடு மக்களுக்கு மனிதாபிமான உதவி, வெளித் தலையீடு இல்லாமல் அவர்கள் தங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது. யார் என்று எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதால் எத்தனை வாக்கு சேர்ந்தது என்பதைத் தங்கள் கையாலேயே செய்து பார்த்தவர்களுக்கு இது மறக்காது. சின்ன நாட்டிடம் படை இல்லை, எண்ணிக்கைதான் அதன் பலம்.

வாக்கெடுப்பு

சீட்டு எடுத்து எந்த நாட்டில் தொடங்குவது என்று முடிவு செய்து, அங்கிருந்து அகரவரிசையில் பெயர் கூப்பிடுங்கள். ஐ.நா.விலும் சீட்டில் தொடங்கி ஆங்கில அகரவரிசையில்தான் கூப்பிடுகிறார்கள். பதில் மூன்றுதான்: ஆதரவு, எதிர்ப்பு, ஒதுங்கல். விளக்கம் சொல்ல விரும்பினால் வாக்கெடுப்பு முடிந்த பிறகு 30 வினாடி.

கணக்கில்தான் தகராறு வரும். அமைதி, பாதுகாப்பு பற்றிய பரிந்துரைக்குச் சாசனத்தின் 18-ம் பிரிவுப்படி மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எதில் மூன்றில் இரண்டு? வந்திருந்து ஆதரவாகவோ எதிராகவோ வாக்களித்தவர்களில். ஒதுங்கியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். பன்னிரண்டு நாட்டில் எட்டு வேண்டும் என்று பிள்ளைகள் போட்டுவிடுவார்கள், அது தவறு. 6 ஆதரவு, 3 எதிர்ப்பு, 3 ஒதுங்கல் என்றால் வாக்களித்தவர்கள் 9, தேவை 6, தீர்மானம் நிறைவேறியது. 7 ஆதரவு, 4 எதிர்ப்பு, 1 ஒதுங்கல் என்றால் வாக்களித்தவர்கள் 11, தேவை 8, தோற்றது. ஆறு வென்று ஏழு தோற்பதைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். ஒரு நாட்டை எதிர்ப்பிலிருந்து ஒதுங்கலுக்கு நகர்த்துவதே ஒரு வெற்றி என்பது அப்போது புரியும். உண்மையான கணக்கையும் போடுங்கள்: 91-ம் 21-ம் சேர்ந்து 112, அதில் மூன்றில் இரண்டு 75.

கிரெனடா: அரை மணி நேரச் சோதனை

இதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. எதிரணி நாடு விதியை மீறும்போது விதியைப் பேசுவது சுலபம். நண்பன் மீறினால்?

கரும்பலகையில் தேதியை 2 நவம்பர் 1983 என்று மாற்றுங்கள். கிரெனடா கரீபியன் கடலில் உள்ள 344 சதுர கிலோமீட்டர் தீவு நாடு. 426 சதுர கிலோமீட்டர் உள்ள நம் சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. அக்டோபர் 19-ல் அதன் பிரதமர் மாரிஸ் பிஷப் சொந்தக் கட்சியினரின் மோதலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 25-ல் அமெரிக்கப் படை இறங்கியது. சிங்கப்பூருக்கு அமெரிக்கா நெருங்கிய நண்பன், கம்போடியா விவகாரத்தில் கூடவே நின்ற நாடு. பொதுச்சபையில் கண்டனத் தீர்மானம் வருகிறது.

விடையைச் சொல்லாமல், சிங்கப்பூர் எப்படி வாக்களிக்கும் என்று எல்லாரையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், ஒரு வரிக் காரணத்தோடு. சீட்டுகளைப் படித்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்: சிங்கப்பூர் தீர்மானத்தை ஆதரித்தது. 38/7 எண்ணுள்ள அது 108 ஆதரவு, 9 எதிர்ப்பு, 27 ஒதுங்கல் என்று நிறைவேறியது. அமெரிக்காவின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டாமல், அந்நியப் படைகள் உடனே வெளியேற வேண்டும் என்றது.

கரீபியன் பகுதியின் சின்ன நாடுகள் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் இங்கே சேருங்கள். டொமினிக்காவின் பிரதமர் யூஜினியா சார்ல்ஸ், அமெரிக்க அதிபர் ரீகனோடு நின்று இந்த நடவடிக்கையை ஆதரித்துப் பேசினார். பார்படோஸும் ஜமைக்காவும் ஆள் அனுப்பின. டிரினிடாட், கயானா இரண்டும் எதிர்த்தன. பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்க வீட்டோவில் விழுந்த வரைவைக் கொண்டுவந்த நாடுகளில் கயானாவும் ஒன்று. சின்ன நாடு என்றால் இப்படித்தான் பேசும் என்று சூத்திரம் எழுதிவிடக் கூடாது. பக்கத்து வீட்டுத் தீ தன் கூரைக்கு வரும் என்று அஞ்சியவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். தீயணைக்க வருகிறவனே நாளை கதவை உடைப்பான் என்று அஞ்சியவர்கள் வேறு முடிவெடுத்தார்கள்.

சிங்கப்பூர் எப்போதும் தவறாமல் நின்றது என்ற எண்ணத்தோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. 1975 டிசம்பரில் இந்தோனேசியா கிழக்குத் திமோருக்குள் படையோடு நுழைந்தபோது, பொதுச்சபைத் தீர்மானத்தில் சிங்கப்பூர் ஒதுங்கியது. மற்ற ஆசியான் நாடுகள் இந்தோனேசியாவுக்காகத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தன. சிங்கப்பூர் அவ்வளவு தூரம் போகவில்லை, ஆனால் கண்டிக்கவும் இல்லை. ஒட்டிய பெரிய அண்டை நாடு என்றபோது விதியின் குரல் எவ்வளவு தாழ்ந்தது என்பதைப் பிள்ளைகளே அளக்கட்டும். யாரும் கேட்காவிட்டால் தலைவரே இதை எடுத்து வைக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கேள்விகள்

நம் ஊரில் இந்த விவாதம் நடந்தால் ஈழம் வராமல் போகாது, வர வேண்டியதும்தான். ஆனால் நடுவில் வந்தால் கம்போடியா காணாமல் போய்விடும். சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, அப்படி வரும் கேள்விகளை அதில் எழுதி வைத்து, கடைசி அரை மணியில் எடுங்கள். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் இலங்கை அரசே கையெழுத்திட்டதால் இந்தியப் படை போனது சட்டப்படி வேறு வகை. அரசின் சம்மதம் இருந்தது என்பதால், அந்தப் படையின் கீழ் வாழ்ந்த மக்களின் கேள்வி தீர்ந்துவிடாது. இரண்டையும் சொல்லுங்கள். அறையில் உறவுகளை இழந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கக்கூடும். அவர் பேச எழுந்தால் அந்த 90 வினாடி மணியை அடிக்காதீர்கள்.

1971-ம் வரும். வங்கதேச விவகாரத்தில் டிசம்பர் 7-ல் போர் நிறுத்தம் கேட்ட பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 104 ஆதரவு, 11 எதிர்ப்பு. எதிர்த்தவற்றில் இந்தியாவும், அந்த ஆண்டுதான் ஐ.நா.வில் சேர்ந்திருந்த பூட்டானும் உண்டு. தான்சானியா 1979-ல் உகாண்டாவுக்குள் போய் இடி அமீனை விரட்டியபோது பொதுச்சபை கண்டிக்கவே இல்லை. இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்க வேண்டாம், அடுத்த விவாதத்துக்கான தலைப்பாக எழுதி வையுங்கள். வியாசர்பாடிப் பக்கம் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அங்கே 2021 பிப்ரவரி 1-ல் நடந்த ராணுவப் புரட்சியையும், அந்த ஏப்ரலில் ஆசியான் வெளியிட்ட ஐந்து அம்ச உடன்பாட்டையும் வைத்து இன்னொரு ஞாயிறு நடத்தலாம். வீட்டுத் தாத்தா பாட்டிகளும் வந்து உட்காருவார்கள்.

மதிப்பீடு

கைதட்டலுக்கு மதிப்பெண் கிடையாது. நிகழ்ச்சி முடிந்ததும் நாடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, சொந்தப் பெயரில் 150 வார்த்தை எழுதச் சொல்லுங்கள், கையால், இருபது நிமிடத்தில். கேள்வி: '1979-ல் சிங்கப்பூர் எடுத்த நிலைப்பாடு சரியா?' பத்து மதிப்பெண். எந்த விதி என்று பிரிவு எண்ணோடு சொன்னால் 3. சிங்கப்பூரின் சொந்த அச்சம் என்ன என்று சொன்னால் 3. அதற்குக் கம்போடிய மக்கள் கொடுத்த விலையைச் சொன்னால் 4. சரி, தவறு என்ற முடிவுக்கு மதிப்பெண் இல்லை. விலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத தாளுக்கு ஆறுக்கு மேல் போடாதீர்கள், நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. தாள்களை அடுத்த ஞாயிறுக்குள் திருத்திக் கொடுத்துவிடுங்கள். அதைத் தாண்டினால் யாரும் திரும்பிப் படிப்பதில்லை.